ஐந்து பேரும் நொண்டிய நாட்கள்

வெள்ளியங்கிரி மலையேறிவிட்டுத் திரும்பிய அன்று ஒரே படகில் வேலை செய்கிற எங்கள் ஐந்து பேரையும் பார்த்துத் தெருவே சிரித்தது. ரயிலை விட்டு இறங்கும்போதே ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நடந்தோம். ஷேர் ஆட்டோக்காரர் ஏதாவது ஆக்சிடெண்டா என்று உண்மையாகவே கேட்டார். எனக்கு அந்தக் கேலியெல்லாம் ஆறுதலாகத்தான் இருந்தது. எல்லோரும் நொண்டும்போது ஒருவனுடைய நொண்டலை யார் தனியாகக் கவனிக்கப் போகிறார்கள்?

மற்ற நால்வருக்கும் வெறும் உடம்பு வலி. எனக்கு வலது முட்டி போயிருந்தது. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை, இறங்கும்போதுதான். இருபத்தெட்டு வருடமாக விசைப்படகில் நின்று பழகிய கால் இது. கீழே ஏதாவது ஆடினால் தானாக அகன்று, முட்டியை மடக்கி, பாரத்தை அதன்மேல் போட்டு நிற்கும். மலையில் ஒரு படிக்கல் புரண்டதும் அப்படியே நின்றது. படகென்றால் அடுத்த அலை தூக்கிவிடும். கல் தூக்கவில்லை. உள்ளே ஏதோ நறுக்கென்றது. மலையில் பிறந்த எவனும் அப்படி நிற்க மாட்டான். மூங்கில் தடியை நம்பி ஏழு மலையில் மிச்சமிருந்ததையும் இறங்கினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. அது மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து படகு கடலுக்குப் போகும் முன்னால், இந்த வருடம் யார் யார் படகில் என்பதை ஓட்டுகிறவன் சொல்லிவிடுவான். எங்கள் படகை ஓட்டுவது என் அக்காள் மகன். மலைக்குக் கூட்டிப் போனதும் அவன்தான். மாமன் என்பதற்காக நிற்க முடியாதவனை அவன் ஏற்றிக்கொள்ள மாட்டான், ஏற்றவும் கூடாது. அது தெரிந்துதான் மறைத்தேன். கரையில் உட்கார்ந்து, வருகிற படகையெல்லாம் எண்ணிக்கொண்டு, பேச ஆள் தேடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவனாக எனக்கு இஷ்டமில்லை.

மூன்று நாள் படகு வேலையைத் தொட வேண்டாம், சும்மா ஊர் சுற்றலாம் என்று அக்காள் மகன் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியூர்க்காரன் மாதிரி நம் ஊரைப் பார்க்கலாமாம். என் வீடு மூன்றாவது மாடியில். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன். மனைவி மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காதே என்று கையால் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் நாள் ராயபுரம் ரயில் நிலையம். பிறந்ததிலிருந்து கடந்து போகிற கட்டடம். அதன் வாசலில் வரிசையாகத் தூண்கள் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன், அதுவும் பெஞ்சில் உட்கார்ந்தபடி. நால்வரும் தூணுக்குத் தூண் சாய்ந்து போட்டோ எடுத்தார்கள். அப்புறம் பர்மா நூடுல்ஸ் விற்கிற அத்தோ கடைக்குப் போனோம். அங்கே நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். என்ன சாப்பிட்டேன் என்று இப்போது கேட்டால் வலியைத்தான் சொல்வேன். சுற்றிப் பார்ப்பதைப் போல ஆளை அடித்துப் போடுகிற வேலை வேறு கிடையாது.

இரண்டாம் நாள் எண்ணூர் முகத்துவாரம். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்தோம். உட்காருவது சுலபம். எழுந்திருக்கும் நேரம் வந்ததும், பேசுகிற மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அக்காள் மகன் வந்து கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் மற்றவர்களுக்குக் கால் சரியாகிக்கொண்டு வந்தது. ஒருவன் தண்ணீர் ஓரமாக ஓடியே காட்டினான். இன்னும் ஒரு நாள் போனால் நொண்டுவது நான் ஒருவன்தான்.

மூன்றாம் நாள் காசிமேடு. நம் படகிலேயே ஐந்து பேரும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று அக்காள் மகன்தான் சொன்னான். தடைக்காலத்தில் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கிக் கட்டியிருப்பார்கள். எங்களுடையது நாலாவது. மூன்று படகுகளைத் தாண்டிக் குதித்துத்தான் போக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு லட்சம் முறை தாண்டியிருப்பேன். நால்வரும் தாண்டினார்கள். நான் கரை விளிம்பில் நின்றேன். முதல் படகு மெல்ல விலகிப் போனது, மெல்ல நெருங்கியது. இடது காலை எடுத்து வைத்தால் வலது கால் தாங்க வேண்டும். தாங்காது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கத்தினேன். மூவரும் போனில் முகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் திரும்பித் தாண்டி வந்தான். கயிறு கட்டுகிற இரும்புக் குத்தியில் என்னை உட்கார வைத்து, தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"மலைலயே உன் கால பாத்துட்டேன் மாமா. நீயே சொல்லுவன்னுதான் மூணு நாளா உன்ன இஸ்துகினு சுத்தறேன். எனக்கே பேஜாராய்ட்ச்சு."

முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம். இரண்டும் போய் அசதிதான் மிஞ்சியது. மூன்று நாளும் நான் அவனை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்றான், தடை முடிய இன்னும் நாள் இருக்கிறது என்றான். குரலில் நம்பிக்கை இல்லை. அவன் வாயால் அதைச் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"வேற ஆள பாத்துக்கோ. நடுக்கடல்ல நான் உழுந்தா, வலைய உட்டுட்டு என்னத்தான் தூக்கிகினு இருப்பீங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அதெல்லாம் வேண்டாம், நீ வா, பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே ஒரு தடவை மறுத்திருந்தால் போதும், நான் அதைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவன் படகுகளைப் பார்த்தான். என் முட்டியைப் பார்த்தான். எழுந்து லுங்கியில் ஒட்டிய தூசியைத் தட்டினான்.

"சரி மாமா" என்றான்.