கடல் விற்ற மெர்ச்சன்ட்

மண்டியில் கேரட் மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது முருகேசன் அண்ணனின் மகள் கலா போன் செய்தார். "சித்தப்பா, அப்பா போயிட்டாருங்க. குடியரசு தின விழாக் குழுவுல சொல்லி ஒரு மாலை போடச் சொல்லுங்க. போர்ல இருந்தவருன்னு ஒருத்தராச்சும் வாய் தொறந்து சொல்லட்டும்."

எங்கள் குன்னூரில் அது எளிதல்ல. பக்கத்திலேயே வெலிங்டன் ராணுவ முகாம். பட்டாளத்துக்காரர் வந்தால் டீக்கடை பெஞ்சே எழுந்து நிற்கும். கப்பல்காரர் வந்தால், "சரக்குக் கப்பலுங்களா?" என்று கேட்டுவிட்டு வடையைப் பார்க்கும்.

அண்ணன் இருபது வயதில் மலையிறங்கிக் கொச்சியில் கப்பலேறியவர். எண்ணெய்க் கப்பலின் இயந்திர அறையில் வேலை. ஓய்வுபெற்று ஊர் திரும்பியவருக்கு முதலில் போன கடிதம் எங்கள் வியாபாரிகள் சங்கத்துடையது. உறுப்பினராகச் சேரும்படி எழுதிய மேதாவி நான்தான். அவர் வீட்டுப் பெயர்ப்பலகையில் 'மெர்ச்சன்ட் நேவி' என்றிருந்தது. முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். கடிதத்தோடு மண்டிக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, நான் என்ன யாவாரம் பண்றேன்னு நெனச்சீங்க?"

"நீங்கதானுங்க சொல்லோணும்."

"கடலத்தானுங்க வித்துட்டிருந்தேன். வாங்குறீங்களா?"

போகும்போது விண்ணப்பத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். தொழில் என்ற இடத்தில் 'கடல்' என்று எழுதியிருந்தார்.

எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரைப் பற்றி ஒருமுறைதான் பேசினார். "போர்க்கப்பல்ல பீரங்கி இருந்துச்சுங்க. எங்க காலுக்குக் கீழ டீசல்தான் இருந்துச்சு. ஒரு குண்டு போதும். ஆனா அந்த டீசல் போய்ச் சேரலீன்னா பட்டாளத்து வண்டி எப்படிங்க நகரும்?"

குடியரசு தின விழாவில் போரில் பங்கேற்றவர்களுக்கு முன்வரிசை உண்டு. அண்ணன் வெள்ளைச் சட்டையில் வருவார். குழுச் செயலாளர் பட்டியலைப் புரட்டுவார். பட்டாளத்தை அந்தச் செயலாளர் நெருங்கிப் பார்த்தது ராணுவக் கேன்டீன் வாசலில்தான். "மெர்ச்சன்ட்டா? யாவாரிங்க வரிசைக்குப் போங்க பெரியவரே." ஆண்டுதோறும் இதே கூத்து. அண்ணன் பின்னால் வந்து என் பக்கத்தில் அமர்வார்.

"வாங்க மெர்ச்சன்ட்."

"தள்ளி உக்காருங்க மொதலாளி."

தேசப்பற்றைக் கஞ்சி போட்டுத் தேய்த்து உடுத்துகிற கூட்டம் அந்த விழாக் குழு. முன்வரிசை நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைத் தவிர வேறெந்த வீரத்தையும் அவர்களிடம் நான் கண்டதில்லை.

கலா சொன்னபடி செயலாளருக்குப் போன் செய்தேன். "மெர்ச்சன்ட்டுக்கெல்லாம் நாங்க வர முடியாதுங்க. உங்க ஆளுதானே, உங்க சங்கமே பாத்துக்கட்டும்" என்றார்.

"சரிங்க. பாத்துக்கறோம்."

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் இறந்தால், அவர் உடல் கடைவீதியைத் தாண்டும்வரை எல்லாக் கடைகளும் ஷட்டரை இறக்கிவிடும். அமைச்சர் வந்தாலும் இறக்காதவர்கள் நாங்கள். 'கடல்' என்றெழுதிய அந்த விண்ணப்பத்தைச் சங்கத்தில் காட்டினேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

பிற்பகலில் அண்ணன் புறப்பட்டார். வண்டி வர வர, முன்னால் ஒவ்வொரு ஷட்டராக இறங்கியது. மளிகை வாங்க வந்திருந்த செயலாளர், கையில் வெறும் பையோடு மூடிய கடைமுன் நின்றுகொண்டிருந்தார். அருகே நின்ற ஒரு சுற்றுலாப் பயணி என்னிடம் கேட்டார்: "யாருங்க இவரு, மிலிட்டரியா?"

செயலாளருக்கும் வண்டியிலிருந்த கலாவுக்கும் கேட்கும்படியே சொன்னேன்: "மெர்ச்சன்ட்டுங்க. போர்ல இருந்தவரு."

போய்வாங்க அண்ணே. இன்றைக்கு உங்களுக்கு முன்னால் எவனும் உட்காரவில்லை.