பண்டாரவளைக் கொச்சிக்காய் விதை

நாற்று விற்பவளுக்கு நாற்றைப் பிடுங்கிக் கொடுத்த பிறகுதான் கவலையே தொடங்கும். வீட்டில் இருந்துகொண்டு எதையாவது விற்றுப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

விதை வந்தது

என் கணவருக்கு மலைக்குளிர் ஊரான பண்டாரவளையில் ஒரு சாரன் துணிக் கடையில் வேலை. வருடத்தில் இரண்டு தடவைதான், அதுவும் மாரி மழையில்தான், கடற்கரைக் கல்முனைக்கு வருவார். நான் படித்த ஐந்தாம் வகுப்பு அவருடைய கடிதங்களை எழுத்துக்கூட்டி வாசிக்கவே உதவியது. ஒரு மாரியில் கடிதத்தோடு கொச்சிக்காய் மிளகாய் விதைப் பொட்டலம் ஒன்றும் வந்தது. "இங்கே இந்தச் செடியைப் பூச்சி தொடுவதே இல்லை. உன் நாற்று வியாபாரம் வீட்டைத் தாங்கினால் கடையை விட்டு வந்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தார். எனக்கு அந்தக் கடைசி வரி போதும்.

மார்கழிக் குளிரில் போட்டேன். ஒரு இலைகூடச் சுருளவில்லை. மருதமுனையில் தறி வைத்திருக்கும் ஆமினா ராத்தா வந்து பார்த்தா. "மச்சான் பூச்சிக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்பியிருக்காரு போல!"

கச்சான் வீசியது

நாற்றைக் கையில் கொடுக்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொடுப்பது என் வழக்கம். மார்கழிச் செடி தந்த தைரியத்தில், சித்திரையில் இரண்டாம் தடவை கொடுத்தபோது, "இதைப் பூச்சி தொடாது" என்றும் ஆள் ஆளுக்குச் சொல்லிவிட்டேன்.

வைகாசியில் கச்சான் காற்று அனலாக வீசியது. அதே விதை, அதே மண், ஆனால் இலைக்குக் கீழே பொடிப் பூச்சி மொய்த்தது. சாம்பல் தூவியும் நிற்கவில்லை. செடி போனால் போகட்டும், அவர் வருவதும் அதோடு போகிறதே. சுருண்ட செடியொன்றை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஆமினா ராத்தா வாசலில் வந்து நின்றா. "பிஸ்மில்லாச் சொன்ன வாயாலதானே புள்ள பூச்சி தொடாதெண்டும் சொன்னாய்? இனி நான் எதை நம்புற?"

கிணற்றடியில் மூன்று

விற்காமல் மிஞ்சிய மூன்று நாற்றைக் கிணற்றடி ஈரப்பலா மர நிழலில் சும்மா ஊன்றியிருந்தேன். அவற்றைப் பார்த்தால் இலை விரிந்து நிற்கின்றன! பூச்சி அங்கேயும் இருந்தது, நாலைந்துதான். குளிர்ந்த இடத்தில் அந்தச் செடி தாங்குகிறது, சூடு ஏறினால் சோர்ந்துபோய் விட்டுக்கொடுக்கிறது என்று அன்றுதான் விளங்கியது.

தென்னோலையில் கிடுகு பின்னிப் பாத்திகளுக்கு மேலே பந்தல் போட்டேன். விடியவும் பொழுது சாயவும் தண்ணீர் ஊற்றினேன். ஏமாந்தவர்களுக்கெல்லாம் சும்மா நாற்றுக் கொடுத்து, நிழலில் நடச் சொன்னேன். தெருவே சிரித்தது. ஒரு மாதத்தில் சிரித்தவர்களே கிடுகோடு வந்து நின்றார்கள். ஆமினா ராத்தாதான் முதலில். "ஓட்டைக் கூரைக்குள்ள நாங்க கிடக்கிறம், உன்ட கொச்சிக்காய்க்குப் புதுக்கூரை. ம், இன்னும் பத்து நாத்துத் தா."

ஹஜ்ஜுப் பெருநாள்

"வியாபாரம் நிமிர்ந்துவிட்டது, வாருங்கள்" என்று நானே எழுதிப் போட்டேன். ஆடியில் பெருநாளுக்கு வந்தார். பந்தலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பாராட்டினார். அவருக்குப் பிடித்த வட்டிலப்பம் செய்தேன். ஆனால் இரண்டாம் நாளே உடம்பெல்லாம் வேர்க்குரு. நுளம்பு என்னை விட்டுவிட்டு அவரையே தேடிக் கடித்தது. கிணற்றடிக்கும் விசிறிக்குமாக நடந்தார். முன்பு இதே வெயிலில் தோணி தள்ளிய மனிதர்.

நாலாம் நாள் பெட்டியைக் கட்டினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "என்ன செய்யிற புள்ள, பத்து வருசம் குளிருக்க இருந்த உடம்பு. மாரி பிறக்கட்டும், வாறன்."

கொச்சிக்காய்க்குப் பந்தல் போட்டு வெயிலை வென்ற நான், இப்போது ஆறடி ஆளுக்கு எத்தனை கிடுகு வேண்டும் என்று எண்ணிக்கொண்டு மாரிக்குக் காத்திருக்கிறேன்.