ஒன்றே கால் மதிப்பெண்

பயிற்சி மையத்தில் அவரை எல்லாரும் ஆப்ஷன் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பாடம் நடத்துகிறவர் இல்லை. வேலைக்கான திறனறித் தேர்வுகளுக்குப் பயிற்சிக் கேள்வி செய்கிறவர். ஒரு கேள்விக்கு நாலு விடை வேண்டும், அதில் மூன்று தப்பாக இருக்க வேண்டும், அந்த மூன்றும் பார்வைக்குச் சரி மாதிரித் தெரிய வேண்டும். இதையே ஆறு வருஷம் செய்தால் ஒரு மனிதன் வேறு எப்படித்தான் ஆவான்? வீட்டுக்கு வந்த மைத்துனரிடம் டீயா, காப்பியா, இரண்டுமா, இரண்டுமில்லையா என்று கேட்டவர் அவர். மைத்துனர் வேண்டுமென்றே மூன்றாவது என்றார். மனைவி இரண்டையும் ஒரே டம்ளரில் கலந்து கொண்டுவந்து இருவருக்கும் நடுவே வைத்துவிட்டுப் போனாள்.

கேள்வி செய்வதில் என்ன கஷ்டம் என்று வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். சரியான விடையை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்பக்கமாக நடந்து வர வேண்டும். அது ஒரு நிமிட வேலை. உயிரை எடுப்பது தப்பான விடைகள்தான். அவசரக்காரன் எங்கே கழிக்க மறப்பான், தூங்குமூஞ்சி எந்த வரியைத் தாண்டிப் போவான், கணக்கில் புலி என்று தன்னை நினைத்துக்கொண்டிருப்பவன் எங்கே வழுக்குவான் என்றெல்லாம் பார்த்து, ஆளுக்கொரு விடை வைக்க வேண்டும். ஆப்ஷன் சார் வைக்கும் தப்பு விடைகள் கனகச்சிதமாக இருக்கும் என்று மையத்தின் உரிமையாளர் மெச்சுவார். ஏன் இருக்காது? அத்தனை இடத்திலும் அவரே வழுக்கி விழுந்தவர்தானே. அலுவலக உதவியாளர் வேலைக்கான தேர்வை அவர் ஒன்பது தடவை எழுதியிருந்தார்.

வயது வரம்பு முப்பத்தைந்து. பத்தாவது தடவை எழுதப் போனபோது முப்பத்தைந்து முடிய நாலே மாதம் இருந்தது. இதில் தவறினால் அவ்வளவுதான், மறுபடி விண்ணப்பமே போட முடியாது.

அவர் உட்காரும் இடம் வகுப்பறைக்குப் பின்னால் இருக்கும் ஒட்டு அறை. ஒரு பக்கம் தண்ணீர் டிரம், மறுபக்கம் பழைய வினாத்தாள் கட்டுகள், ஒரு கால் குட்டையான மேசை. சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க ரயில்கள் ஒன்றையொன்று கடக்கும், அப்பாக்களுக்கும் மகன்களுக்கும் வயது கூடிக்கொண்டே போகும். தொட்டியை நிரப்ப ஒரு குழாயைத் திறந்துவிட்டுக் காலியாக்க இன்னொன்றையும் எந்தக் கிறுக்கன் திறந்து வைப்பான் என்று முதல் வருஷம் அவர் சிரித்ததுண்டு. இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. எத்தனை தூங்கினாலும் தீராத அலுப்பு ஒன்று உடம்பில் குடியேறிவிட்டது.

அவரைவிட அலுத்துப்போயிருந்தவள் மனைவி. துணிக்கடையில் விற்பனைப் பிரிவு. காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் நுழைந்தால் இரவு எட்டுக்குத்தான் வெளியே வருவாள், சாப்பாட்டு நேரம் தவிர முழுக்க நின்றபடியே. ஊழியர் உட்கார அந்தக் கடையில் நாற்காலி கிடையாது. வீட்டுக்கு வந்ததும் ஒரு பேசினில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பாள். ஒன்பது வருஷமாக வீட்டைத் தாங்கியது அந்தக் கால்கள்தான். தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. நாலு வார்த்தை திட்டினால்கூடப் பரவாயில்லை என்று அவருக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

பத்தாவது தேர்வு முந்தைய ஒன்பதைப் போலத்தான் போய்க்கொண்டிருந்தது, அறுபத்து மூன்றாம் கேள்வி வரும்வரை. கணினித் திரையில் அது வந்ததும் அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

பல் மருத்துவமனை வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஆசிரியர் முன்னாலிருந்து பன்னிரண்டாவது. தச்சர் பின்னாலிருந்து பதினேழாவது. இருவருக்கும் இடையே ஐந்து பேர். வரிசையில் மொத்தம் எத்தனை பேர்? இருபத்தொன்பது, முப்பத்து நாலு, முப்பத்தைந்து, கூற இயலாது.

அது அவருடைய கேள்வி. உலகத்தில் வேறு யாரும் பல் மருத்துவமனை வாசலில் வரிசையை நிறுத்த மாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு, கடைவாய்ப் பல் வீங்கி, தன் முறைக்காகக் காத்திருந்தபோது ஒரு ரசீதின் பின்பக்கம் எழுதியது. பன்னிரண்டு, ஐந்து, பதினேழு, கூட்டினால் முப்பத்து நாலு. அதையே விடையாகக் குறித்துக் கொடுத்தும் விட்டார். பல்லைப் பிடுங்கி முகம் பழையபடி ஆன பிறகுதான் தப்பு தெரிந்தது. தச்சரைப் பின்னாலிருந்து எண்ணினார்கள் என்பதற்காக அவர் ஆசிரியருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முன்னாலும் நிற்கலாம். அப்படி நின்றால் மொத்தம் இருபத்திரண்டு. இரண்டு விடை வருகிற கேள்விக்குச் சரியான பதில் கூற இயலாது என்பதுதான்.

அன்றைக்கே உரிமையாளரிடம் போய்ச் சொன்னார். உரிமையாளர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே பாத்துக்கலாம் என்றார். ஒட்டு அறையின் மின்விசிறியைப் பற்றியும் அவர் அதையேதான் சொல்லியிருந்தார், அது இன்னும் சுற்றவில்லை. கேள்விக் கட்டுகளை அவர் வெளியே விற்பது எல்லாருக்கும் தெரியும். அதில் ஒரு கட்டு கைமாறிக் கைமாறி இந்தத் தேர்வை நடத்துகிறவர்கள் வரை வந்திருக்கிறது என்பது ஆப்ஷன் சாருக்கு அந்த நாற்காலியில்தான் தெரிந்தது.

சரியாக எழுதினால் ஒரு மதிப்பெண், தப்பென்றால் கால் குறையும். எது சரி என்று அவருக்குத் தெரியும். விடைக்குறிப்பில் எது இருக்கும் என்பதும் தெரியும், உரிமையாளரை ஆறு வருஷமாகப் பார்க்கிறாரே. முதலில் கூற இயலாது என்பதன் மேல் விரலைக் கொண்டுபோனார். பிறகு முப்பத்து நாலைத் தொட்டார்.

பட்டியல் வந்தது. எண்பது இடத்துக்கு எழுபத்தெட்டாவது ஆள் அவர், கடைசி ஆளைவிட முக்கால் மதிப்பெண் கூட. கூடவே விடைக்குறிப்பும் வந்தது. அறுபத்து மூன்றுக்கு முப்பத்து நாலு.

மனைவி அன்று அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மத்தியானமே வந்தாள். அந்தக் கடையில் சேர்ந்த பிறகு அவள் கேட்ட முதல் அரை நாள். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"இனிமே நானும் கொஞ்சம் உக்காரலாம், இல்ல?" என்றாள்.

உட்காரலாம் என்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, அவருக்கும்தான். அந்தக் கேள்வியைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் பட்டியல் தற்காலிகமானது. விடைக்குறிப்பில் தப்பு இருந்தால் மூன்று நாளுக்குள் தேர்வு எழுதிய யாரும் ஆட்சேபணை அனுப்பலாம், மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிவரை. விடை மாறினால் அவருக்குக் கிடைத்த ஒன்று போகும், மேலும் கால் குறையும். ஒன்றே கால் மதிப்பெண்ணில் அவர் பட்டியலை விட்டு வெளியே விழுவார். உரிமையாளரோ அவர் படத்தைப் போட்டுப் பேனருக்குச் சொல்லியாயிற்று.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு அந்தப் பெண் ஒட்டு அறைக்கு வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், அவரைவிட இரண்டு மூன்று வயதுதான் சின்னவள். வேலை முடிந்து மருந்து வாசனையோடு வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவாள். இது அவளுக்கு நாலாவது தடவை. பட்டியலின் கடைசி ஆளுக்கு அரை மதிப்பெண் கீழே நின்றுபோயிருந்தாள். அவள் அந்தக் கேள்விக்குக் கூற இயலாது என்று போட்டிருந்தாள். உரிமையாளரிடம் கேட்டாளாம். முப்பத்து நாலுதான், வீணாக ஆட்சேபணை அது இது என்று போய்ப் பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அனுப்பிவிட்டாராம். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள், அதில் இரண்டு வரிசையாகப் புள்ளிகள்.

"வரைஞ்சு பாத்தா ரெண்டு விதமா வருது சார். ஆனா அத எழுதிக் காட்ட எனக்குத் தெரியல. நீங்க ஒரு தடவ பாருங்க. முப்பத்தி நாலுதான் சரின்னா சொல்லிடுங்க, நான் வீட்டுக்குப் போயிடறேன்."

தாளை வாங்கிப் பார்த்தார். முதல் வரிசையில் தச்சர் பின்னால், இரண்டாவதில் முன்னால். புள்ளிகள் கோணல்மாணலாக இருந்தன, எண்ணிக்கை சுத்தமாக இருந்தது. ஒரு வார்த்தை போதும். அவர் வாயிலிருந்து வந்தால் அவள் மறுபேச்சு பேச மாட்டாள். தப்பான விடையை நம்ப வைப்பதுதானே அவர் தொழில், அதற்கென்று தனியாக யோசிக்கக்கூட வேண்டியதில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த மனைவியின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. போகவே மாட்டேனென்றது. பாழாய்ப்போன பல்வலி, இந்தச் சனியன் பிடித்த கேள்வியை எழுதாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அந்தப் பெண் தண்ணீர் டிரம்மின் மேல் கையை ஊன்றி, ஒரு காலுக்குப் பாரத்தை மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

"பேனா குடுங்க" என்றார்.

நின்ற இடத்திலேயே எழுதினார். முதல் நிலை, தச்சர் பின்னால், மொத்தம் முப்பத்து நாலு. இரண்டாம் நிலை, தச்சர் முன்னால், மொத்தம் இருபத்திரண்டு. இரண்டும் கேள்விக்குப் பொருந்துவதால் கூற இயலாது என்பதே விடை. இதைவிடத் தெளிவாக அவர் எதையும் எழுதியதில்லை. அவள் தாளைப் படம் எடுத்து, போனில் விண்ணப்பத்தோடு சேர்த்தாள். முகம் மலர்ந்துபோயிருந்தது.

"நீங்க என்ன சார் போட்டீங்க?"

"முப்பத்தி நாலு."

நாலு தடவை இந்தத் தேர்வுக்குப் படித்தவளுக்கு இந்தக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்று போய், கால் போய், எழுபத்தெட்டாம் இடம் எங்கே போகும் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அனுப்பப் போன கட்டைவிரல் அப்படியே நின்றது.

"சார், அப்ப உங்களுக்கு..."

"மணி நாலு முக்கால் ஆச்சு. அஞ்சோட மூடிடுவாங்க. அனுப்புங்க."

அவள் அனுப்பவில்லை. அவர் கையை நீட்டிப் போனை வாங்கி, தாமே அழுத்தினார். போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் வந்ததும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். மனைவி கடையிலிருந்து வருவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட வேண்டும், இதை வேறு யார் மூலமாகவும் அவள் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே செருப்பைத் தேடி மாட்டினார்.