ரமணிதி கடையில் எழுதிய சிடி

மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தாலே போதும், அந்தக் காட்டமான வாசனை என்னை பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம், இன்று மொபைல் உறைகள் தொங்கும் இடத்தில் அன்றிருந்த ரமணிதியின் கடைக்குள் தள்ளிவிடும். கடைக்கார ரமணி அக்காவை, அக்கம்பக்கத்து வங்காளிகள் போல நாங்களும் பெயரோடு 'தி' சேர்த்தே அழைத்தோம். சிடியில் போகவேண்டியதையெல்லாம் முதலில் கணினிக்குள், 'இமேஜ்' என்று அவள் சொல்லும் ஒரே கோப்பாகத் திரட்டி, பிற்பாடும் சேர்க்க முடியும்படி சிடியை மூடாமல் திறந்துவைத்து, அதன்பிறகே டிரைவில் போட்டுப் பதிவாக எழுதுவாள். டிரைவ் வண்டுபோல முரலும், தட்டு சூடாக வெளியே வரும், அதன்மேல் மார்க்கரால் வருடத்தைக் குறிப்பாள், எங்கள் துர்கா பூஜைப் படங்களும் பாட்டுகளும் வருடாவருடம் அதே சிடியில் போய்ச் சேரும்.

அப்பாவுக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்து, ஹவுராவில் ரயிலேறுவதற்கு முந்தைய நாள், அந்த வருடப் படங்களை ரமணிதி சேர்த்த பிறகு போட்டுப் பார்த்தால், போன வருடம் பந்தலில் அம்மா பாடியதைக் காணோம்.

"என் பாட்டை முழுங்கிட்டியேடி!" என்றாள் அம்மா.

"ஐயோ மாமி, பழசைச் சேர்த்துக்காம புதுசை எழுதிட்டேன். தட்டுலதான் இருக்கு, கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

பழைய பதிவுகளையும் இழுத்துக்கொண்டு இன்னொரு இமேஜ் திரட்டி எழுதினாள். டிரைவ் ஓய்ந்ததும் அம்மாவின் குரல் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பி, பக்கத்து டீக்கடைப் பேச்சையே நிறுத்தியது.

"இனி மூடிடட்டுமா மாமி? எல்லா மிஷின்லயும் ஓடும். ஆனா அப்புறம் எதையும் சேர்க்க முடியாது."

"மூடாதேடி. விசாகப்பட்டினத்துலயும் பாடுவேன்ல."