கோழி கத்தும் வரை

ஆர்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பின் இருக்கையில் எவனாவது சேட்டை செய்தால் கத்தமாட்டாள். கோதுமை வயல்களுக்கு நடுவே வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுவாள். பிறகு கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் வாயிலிருந்து வர வேண்டியது வரும்வரை வண்டி நகராது. மழையோ பனியோ, அவளுக்கு ஒன்றுதான். ஊரில் பாதிப் பேர் அந்தக் கண்ணாடியில் ஒருமுறையாவது மாட்டியவர்கள். வெண்டல் க்ரோக்கின் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

வெண்டலுக்கு ஆற்றின் வடகரை முழுக்க நிலம். ஆஸ்பத்திரி வாரியத்துக்கும் அவன்தான் தலைவன். ஊர்க்காரர்கள் தங்கள் நிலத்தின் மேல் தாங்களே வரி போட்டுக்கொண்டு கட்டிய ஆஸ்பத்திரி அது. அதை நடத்த ஐந்து பேரைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பார்கள். மாதம் ஒரு கூட்டம், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கூடத்தில். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். ஆனால் மூன்று நிமிஷம்தான். சமையல்கட்டிலிருந்து முட்டை வேக நேரம் வைக்கிற கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து தலைவர் முன்னால் வைத்திருந்தார்கள். பீங்கான் கோழி. கழுத்தைத் திருகிவிட்டால் டிக் டிக் என்று ஓடி, நேரம் முடிந்ததும் கணகணவென்று கத்தும். அந்த ஊரில் ஒருவன் செத்துப்போனால்கூட, "பாவம், அவனுக்குக் கோழி கத்திடுச்சு" என்றுதான் சொல்வார்கள்.

பிரசவ வார்டை மூடுவது பற்றிப் பேச்சு வந்தபோது வாரியத்தில் இரண்டு பேர் மூடலாம் என்றார்கள், இரண்டு பேர் கூடாது என்றார்கள். மூடலாம் என்று வெண்டல் கையைத் தூக்கினான்.

"எப்பவோ பொறக்கிற ஒரு குழந்தைக்காக ராத்திரி பகலா நர்ஸை உக்கார வெச்சுக் கட்டுப்படியாகுமா? ஸ்போக்கேன் பெரியாஸ்பத்திரி என்ன நிலாவுலயா இருக்கு?"

சிலர் சிரித்தார்கள். வார்டு மூடப்பட்டது.

அந்தக் குளிர்காலத்தில் ஆர்டிஸின் மகள் மார்னாவுக்கு வலி கண்டது. ஸ்போக்கேனுக்கு ஆர்டிஸ்தான் வண்டி ஓட்டினாள். பனிக்கட்டி பிடித்த சாலையில் அவளைவிட நன்றாக ஓட்ட அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. பள்ளத்தாக்கு வளைவில், லாரிகள் ஒதுங்குகிற சரளைத் திடலில் நிறுத்த வேண்டியதாயிற்று. குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. கை பழகிய எந்த நர்ஸும் எடுத்துவிடக்கூடிய சுற்று. ஆர்டிஸின் கை பழகியது ஸ்டியரிங்குக்கு.

சோரன் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைக் கல்லில்தான் எழுத முடிந்தது.

பனி உருகியதும் மார்னா கூட்டத்துக்கு வந்தாள். எழுந்து நின்றாள். ஆரம்பிக்கவே அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. அழுதாள், நிறுத்தினாள், கைக்குட்டையைத் தேடினாள். கடைசியில், "அவன் பேரு..." என்றாள்.

கோழி கத்தியது.

"நன்றிம்மா," என்றான் வெண்டல், காகிதத்தைப் புரட்டியபடி. "அடுத்தது யாரு?"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மார்னா கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தாள். ஆர்டிஸ் எண்ணிக்கொண்டு வந்தது ஒன்றுதான். அவன் இப்படி நிற்க வேண்டும். எல்லார் முன்னாலும், வாயில் வார்த்தை இல்லாமல்.

அடுத்த வாரம் சரளைத் திடலில் ஒரு பலகை முளைத்தது. பேருந்து மஞ்சளில் கறுப்பு எழுத்து: "பிரசவ வார்டு. உபயம்: வெண்டல் க்ரோக்."

யாரோ பிடுங்கிப் போட்டார்கள். ஆர்டிஸ் மறுபடி நட்டாள். மறுபடி பிடுங்கினார்கள். இந்த முறை குழி தோண்டி சிமென்ட் ஊற்றினாள்.

கூட்டுறவுக் கடையில் காபி ஊற்றுகிற டூயி கேட்டான்: "ஏ ஆர்டிஸ், பலகையோட நிறுத்திட்டியே. ரெண்டு நாற்காலி போட்டு, பார்வையாளர் நேரம்னு எழுதி வைக்கறதுதானே?"

"வெண்டல் வரட்டும், போடறேன்."

"தேர்தல்ல நிக்கப் போறியாமே? பேசணுமே, பேசுவியா நீ?"

"பலகை பேசும்."

பேசியது. ஸ்போக்கேன் போகிற ஒவ்வொருவரும் அந்த வளைவில்தான் திரும்ப வேண்டும். இலையுதிர் காலத்தில் வாக்கை எண்ணினார்கள். வெண்டலின் நாற்காலி ஆர்டிஸுக்கு வந்தது. தலைவர் வேலை மற்ற நால்வருக்கும் வேண்டாததாக இருந்ததால் கோழியும் அவளிடமே வந்தது.

"இப்ப சந்தோஷமாம்மா?" என்றாள் மார்னா. "ஜெயிச்சுட்ட. அந்தப் பலகையை எடுத்துடேன். நானும் அந்த வழியாத்தானே போறேன்."

ஆர்டிஸ் பலகையை எடுத்தாள். சிமென்ட்டை உடைக்க ஒரு நாள் பிடித்தது. மனசில் இருந்ததை எடுக்கவில்லை.

"அவன் வருவான்," என்றாள். "எதையாவது கேட்டு வந்தே ஆகணும். எல்லாரும் வராங்க."

இரண்டாவது குளிர்காலத்தில் வந்தான். வடகரையில் நிற்கிற ஆம்புலன்ஸை ஊருக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று ஒரு தீர்மானம் இருந்தது. வெண்டலின் மனைவி ஐலீனுக்கு இதயம் சரியில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை அந்த ஆம்புலன்ஸ்தான் அவளைப் பிழைக்க வைத்தது. இது ஊருக்கே தெரியும்.

அன்று சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார இடமில்லை. ஆர்டிஸ் அவன் பேச்சைப் பாதியில் வெட்டப் போகிறாள் என்று டூயி, கடையில் சுட்ட ஆப்பிள் பை ஒன்றை முழுசாகப் பந்தயம் கட்டியிருந்தான். மார்னா கடைசி வரிசையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெண்டல் எழுந்தான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். ஆர்டிஸ் கோழியின் கழுத்தைத் திருகினாள்.

அவன் எழுதி வைத்துக்கொண்டு வந்திருந்தான். வீட்டில் கடிகாரத்தை வைத்துப் பழகியிருக்க வேண்டும். எங்கும் தடுமாறாமல், மூச்சுகூட விடாமல் படித்தான். பாலம் உறைந்துபோவது, ஐலீன் நீலம் பாரித்துக் கிடந்தது, வடகரைக் குடும்பங்கள், எல்லாம் வந்தன. கடைசி வரியைப் படித்து முடித்தபோது கோழி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. காகிதத்தை மடித்து உட்காரப் போனான்.

"நேரம் இருக்கு, வெண்டல்."

அவன் பாதி குனிந்தபடி நின்றான்.

"நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன், ஆர்டிஸ்."

"கோழி கத்தலையே. இங்க ஒருத்தி ஒரு வாக்கியத்தைப் பாதியில விட்டுட்டுப் போனா. 'அவன் பேரு'ன்னு. அதை நீ முடிச்சு வை."

வெண்டல் நிமிர்ந்தான். வாரியத்தைப் பார்த்தான். அவர்கள் மேஜையைப் பார்த்தார்கள். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான். டூயிக்குத் தெரியும். முன்வரிசையில் இருந்த வெண்டலின் சொந்த மருமகளுக்குத் தெரியும். அங்கிருந்த எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஐலீன்கூட அடக்கத்துக்கு வந்து பூ வைத்துவிட்டுப் போனவள். வெண்டலின் வாய் திறந்தது, மூடியது.

டிக் டிக் டிக்.

ஆர்டிஸ் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பார்ப்பதுபோல அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காதுகள் சிவந்தன. தொப்பி கைக்குக் கை மாறியது.

கோழி கத்தியது.

"நன்றி," என்றாள் ஆர்டிஸ். "அடுத்தது யாரு?"

பிறகு ஆம்புலன்ஸ் தீர்மானம் வாக்குக்கு வந்தது. வடகரையிலேயே இருக்கட்டும் என்று முதலில் உயர்ந்த கை அவளுடையது. ஐலீன்மேல் அவளுக்கு ஒன்றுமில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் மார்னா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "ஆறுதலா இருக்கும்னு நெனச்சேம்மா," என்றாள். "இல்ல."

"எனக்கு இருக்கு," என்றாள் ஆர்டிஸ்.

அவள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தும்போது வெண்டல் பனியில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தான். கண்ணாடியைத் தட்டினான். அவள் கொஞ்சம் இறக்கினாள்.

"அவன் பேரு என்ன, ஆர்டிஸ்? சொல்லிடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"கல்லுல எழுதியிருக்கு. போய்ப் பாரு."

கண்ணாடியை ஏற்றினாள். கல்லறைத் தோட்டத்தில் இடுப்பளவு பனி கிடந்தது. குழந்தைகளின் கற்களெல்லாம் தரையோடு தரையாகப் படுத்திருப்பவை. எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.