பட்ட மரத்துக்கு மீன் கஷாயம்

மரத்துக்கு வைத்தியம் பார்க்கிறவனை, இலையெல்லாம் உதிர்ந்த பிறகுதான் தேடி வருவார்கள். தெரியாத்தனமாக ஒரு தொழிலில் இறங்கி, விடவும் முடியாமல் தவித்தவர்களுக்கு என் பாடு புரியும். சம்ஸ்கிருதம் படிக்கப் பிள்ளைகள் குறைந்து, ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் என் வாத்தியார் வேலை போயிற்று. மரம் செடிகளுக்கு எரு போடுவதைச் சொல்லும் பழைய சம்ஸ்கிருத ஏடு ஒன்று கைவசம் இருந்தது. அதை நம்பிப் பிழைக்கத் தொடங்கினேன்.

கொள்ளிடக் கரை அடுப்பு

வாடின மரத்துக்கு ஊற்றும் கஷாயத்துக்கு மீனையும் எலும்பையும் வேகவைத்து, எள்ளுப் பிண்ணாக்கு, ஊறின உளுந்து, தேன், நெய் சேர்த்து, பானையில் மூடிப் பதினைந்து நாள் புளிக்க விடச் சொன்னது ஏடு. நானோ மீனைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன். வீதியில் அடுப்பு மூட்டினால் ஊர் சும்மா விடுமா? கொள்ளிடக் கரையில் போய் மூட்டினேன். கோட்டைப் பக்கம் மீன் கடை வைத்திருந்த காதர் பாய், தலையும் வாலும் குடலுமாகக் கூடையில் கொண்டுவந்து கொட்டினார். மூக்கைப் பொத்திக்கொண்டு சுலோகத்தைப் படித்து அர்த்தம் சொன்னேன். கிளறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சாமி, நம்ம கடைக் குப்பைக்கு சமஸ்கிருதத்துல பாட்டு இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியும்."

உறையூர் மாமரம்

உறையூர் மிராசுதார் ஒருவரின் மாமரம் புளிப்பாகவே காய்த்தது. வேரில் பால் கலந்த தண்ணீர் விட்டால் தித்திக்கும் என்றது ஏடு. அவர் தொழுவத்துப் பாலைத் தினமும் செம்பு செம்பாக ஊற்றினேன்.

அதே மாதம் என் நாலு வயசுப் பெண் விஷ ஜுரத்தில் கிடந்தாள். பால்தான் ஆகாரம் என்றார் டாக்டர். அகத்தில் ஒரு டம்ளருக்கு மேல் வாங்க வழியில்லை. மிராசுதாரைக் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வராமல் நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். செம்பைக் கவிழ்த்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினேன். பத்தாம் நாள் குழந்தை போய்விட்டாள்.

அடுத்த கோடையில் மிராசுதார் ஒரு கூடைப் பழம் அனுப்பினார். என் மனைவி ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"நன்னாத்தான் தித்திக்கறது. பால் குடிச்ச மரமோல்லியோ."

பாலக்கரை மாதுளை

பாலக்கரையில் ஜைனப் பீவி என்று ஒரு அம்மாள். புருஷன் பினாங்குக்குக் கப்பலேறுமுன் முற்றத்தில் ஒரு மாதுளை நட்டுவிட்டுப் போயிருந்தார். கடிதத்துக்குக் கடிதம் அதைத்தான் விசாரிப்பாராம். நகத்தால் பட்டையைக் கீறினேன், பச்சையே இல்லை. மரம் பட்டுவிட்டது என்றேன். "நல்லா இருக்குன்னு எழுதிட்டேன் சாமி. நீங்க ஊத்துங்க" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து.

எனக்கு மறுக்க மனம் வரவில்லை. வாரம் தவறாமல் போய் மீன் கஷாயத்தை ஊற்றினேன். ஐந்தாவது வாரம் போனபோது வீடு நிறைய ஜனம். புருஷன் பினாங்கிலேயே காலமாகிவிட்டதாகக் கடிதம் வந்திருந்தது. நான் பானையோடு வாசலிலேயே நின்றேன். திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"இனிமே வர வேணாம் சாமி. ரெண்டுக்கும் சேத்து அழுதுட்டேன்."

இந்தத் தொழிலில் என் கையால் பிழைத்த மரங்கள் அநேகம். எதன் நிழலிலும் போய் உட்காரத்தான் எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.