டாக்னியின் கோடாலிச் சத்தம்

எனக்குப் பேத்தி பிறந்து பத்து வாரம் ஆகிறது. இதை ரொட்டிக் கடையில், மீன் கடையில், பல் டாக்டரிடம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். இப்போது எழுதியும் வைக்கலாம் என்று உட்கார்ந்தால், பக்கத்து வீட்டு டாக்னிதான் முன்னால் வந்து நிற்கிறாள். அவளைப் பற்றிச் சொல்லாமல் பேத்தியைப் பற்றிச் சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சமும் சந்தோஷமில்லை.

டாக்னி முப்பத்தொரு வருடம் இந்த மோர்ஸ் தீவில் பஸ் ஓட்டினாள். ஒரு நாளும் ஒரு நிமிடம் தாமதம் கிடையாது. ஒரு ஆளுக்காகவும் ஒரு நிமிடம் நின்றதும் கிடையாது. என் மகள் சிசல் ஒன்பது வயதில் ஒரு ஜனவரிக் காலையில் பஸ் படியில் கால் வைத்தாள். கையுறை ஒன்று பனியில் விழ, எடுக்கத் திரும்பினாள். டாக்னி கதவை மூடிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளை நாலு கிலோமீட்டர் பனியில் நடந்தது. நான் அன்று சாயங்காலம் போய்க் கத்தினேன்.

"ஏழு முப்பத்திரண்டுன்னா ஏழு முப்பத்திரண்டுதான் ஐகில். உன் பொண்ணுக்காகக் கடிகாரத்த நிறுத்தி வைக்க முடியுமா?" என்றாள்.

அதோடு பேச்சு நின்றது. இருபத்துநாலு வருடம் ஆயிற்று. நடுவில் இருந்த வேலிச்செடியை இரண்டு பேருமே வெட்டவில்லை.

அவள் வீட்டுக் கதகதப்பு ஊரெல்லாம் பிரசித்தம். நவம்பர் பிறந்தால் உச்சி விளக்கை அணைத்துவிடுவாள். மூலைக்கு ஒன்றாகத் தாழ்வான விளக்கு. ஜன்னல் விளிம்பு முழுக்க மெழுகுவத்தி. நாற்காலி மேல் ஆட்டுத்தோல், அதன் மேல் கம்பளி. நடுவில் விறகு அடுப்பு. தெருவில் போகிறவர்கள் அவள் ஜன்னலைப் பார்த்துத்தான் தங்கள் வீட்டை அலங்கரிப்பார்கள். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தவர் யாரும் இல்லை. இருப்பது ஒரே நாற்காலி, ஒரே கோப்பை. ஊரையே வெளியே நிறுத்தி வைத்துவிட்டு ஒருத்தி மட்டும் குளிர் காய்வதற்குப் பெயர் கதகதப்பா? நான் அதைக் கஞ்சத்தனம் என்பேன்.

போதாததற்கு அடுப்பின் காற்றுத் துவாரத்தைப் பாதிக்கு மேல் மூடிவிடுவாள். அப்போதுதான் தீ சோம்பேறித்தனமாக, அழகாக ஆடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அத்தனை புகையும் என் வீட்டு முற்றத்தில் வந்து இறங்கும்.

டிசம்பர் பதினாலாம் தேதி சிசல் குழந்தையோடு வந்தாள். மருமகன் கடலில் காற்றாலை வேலைக்குப் போயிருந்தான். ஜனவரி பாதி வரை பேத்தி என்னோடு! ஞானஸ்நானம் வரை பெயரைச் சொல்ல மாட்டார்களாம். நான் எலிக்குட்டி என்று கூப்பிட்டேன். கூப்பிட்டால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பாள்.

மத்தியானம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை அவள் வெளியே குழந்தை வண்டியில் தூங்க வேண்டும். எங்கள் ஊர்க் குழந்தைகள் எல்லாம் பனியில் தூங்கி வளர்ந்தவைதான். வீட்டுக்குள் கிடத்தினால் கூரை பறக்கிற மாதிரி அழுவாள். மேல்காற்று படாத இடம் என் முற்றத்தில் வேலியோரம் மட்டும்தான். வண்டியை அங்கே நிறுத்தினோம். படுத்த ஐந்தாவது நிமிடத்தில் தூங்கிவிட்டாள்.

பன்னிரண்டரைக்கு டாக்னியின் புகை வந்தது.

"அப்பா, இது என்ன நாத்தம்? பச்ச விறகு வேற," என்று சிசல் வண்டியை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள்.

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் சிசல் பையை எடுத்து வைத்தாள்.

"நாளைக்கும் புகை வந்தா நான் ஓல்போர்க் போறேன்ப்பா. மாமியார் வீட்டுல புகை கிடையாது."

"அங்க உன் மாமியார் கிடக்குறாங்களே!"

"விளையாடாதீங்க. இவளோட நெஞ்சுல புகை போறது எனக்கு வேணாம்."

மாமியாரிடம் என் எலிக்குட்டியை விட்டுக்கொடுப்பதா? அன்று மாலையே, ஊர்ப் புகைபோக்கிகளைச் சோதித்துத் துப்புரவு செய்கிற புகைபோக்கிக்காரருக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டில் ஏதோ ஆபத்து போலத் தெரிகிறது என்று சொன்னேன். என் பெயரைச் சொல்லவில்லை. அவர் மறுநாள் காலையில் கறுப்புத் தொப்பியோடு வந்து டாக்னி வீட்டுக் கூரையில் ஏறினார். புகைபோக்கிக்குள் காக்கைக் கூடு, பாதி அடைப்பு. அடுப்பு மூட்டக் கூடாது என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். கூட்டை எடுக்கப் புது வருடத்துக்குப் பிறகுதான் அவருக்கு நேரமாம்.

நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று காபி குடித்தேன். அந்த வருடத்திலேயே ருசியான காபி அது.

பன்னிரண்டு மணிக்கு எலிக்குட்டியை வண்டியில் கிடத்தினோம். கண்ணாடி மாதிரிக் காற்று. ஒரு துளி புகை இல்லை. அவள் அழ ஆரம்பித்தாள். இரண்டு மணி வரை அழுதாள். மறுநாளும் அழுதாள். ஆட்டினோம், பாடினோம், கம்பளியை மாற்றினோம். சிசலுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிற்று. பை மறுபடி கூடத்துக்கு வந்தது.

"உங்க வீடு இவளுக்கு ஒத்துக்கலப்பா."

அந்த வார்த்தை எனக்கு எப்படி இருந்திருக்கும்!

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் டொக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொரு டொக். டாக்னி வாசல்படியில் உறைந்த பனிக்கட்டியைக் கோடாலியின் பின்பக்கத்தால் உடைத்துக்கொண்டிருந்தாள். ஏழு, எட்டு அடிதான். எலிக்குட்டி அழுகையை நிறுத்தினாள். வாயைத் திறந்தபடியே கேட்டாள். சத்தம் நின்றது. அழுகை மறுபடி ஆரம்பித்தது.

சிசலும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். தினமும் பன்னிரண்டு அடித்ததும் டாக்னி அரைமணி விறகு பிளப்பாள். பஸ் வேலை போன பிறகும் அட்டவணை போகவில்லை அவளிடம். அந்தச் சத்தத்தில்தான் குழந்தை தூங்கியிருக்கிறது. அடுப்பு நின்றதும் கோடாலியும் நின்றுவிட்டது. நிறுத்தியது நான்.

விடுவேனா? கொட்டகையிலிருந்து கோடாலியை எடுத்து, ஒரு பழைய மர நாற்காலியை வெட்டினேன். எலிக்குட்டி இன்னும் சத்தமாக அழுதாள்.

"நிறுத்துங்கப்பா! உங்களுக்குத் தாளமே இல்ல. இடி விழுற மாதிரி இருக்கு," என்றாள் சிசல்.

வேறு வழியில்லை. இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு அவள் வாசல் மணியை அடித்தேன். டாக்னி ஓவர்கோட்டு போட்டபடி திறந்தாள். பின்னால் அத்தனை மெழுகுவத்தியும் எரிந்தது. ஆனால் வீடு ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது.

"விறகு பிளக்கணுமா? அடுப்பே இல்ல, எதுக்குய்யா பிளக்கணும்?"

"குழந்தை தூங்குறதுக்கு."

"யாரு குழந்த?"

"என் பேத்தி."

"பேரு என்ன?"

"இன்னும் வைக்கல."

"பேரில்லாத ஆளுக்கெல்லாம் நான் வேலை செய்யறதில்ல." கதவைச் சாத்தப் போனாள். பிறகு பாதியில் நிறுத்தினாள். "போன் போட்டது யாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

"நான்தான்."

"தெரியும். தெருவுல வேற யாருக்கு அவ்வளவு பொழுது கெடக்கு? உன் வாயால கேக்கணும்னு இருந்தேன். சரி, கூட்டை எடு. இப்பவே. மச்சுல புகைபோக்கியோட கரிக்கதவு இருக்கு. கம்பி இருக்கு. செருப்பக் கழட்டிட்டு வா."

எனக்கு அறுபத்தாறு வயது. மீன் தொழிற்சாலையில் நின்று நின்று முட்டி போய்விட்டது. மச்சில் மண்டியிட்டு, கரிக்கதவு வழியாகக் கொக்கிக் கம்பியை விட்டு, காக்கை சேர்த்து வைத்த குச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். மூன்று வாளி. மூக்கு, காது எல்லாம் கரி. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

"இடது பக்கம் இன்னும் இருக்கு. காக்கா உன்னவிட நல்லா வேலை செஞ்சிருக்கு."

"டாக்னி, ஒண்ணு. இனிமே ரெண்டு மணிக்கு முன்னாடி அடுப்ப மூட்டக் கூடாது. அவ எந்திரிச்ச பிறகுதான்."

"எனக்கு நீ டைம் போடுறியா? எனக்கா?"

"புகை வந்தா பொண்ணு போயிடுவா. பேத்தியும் போயிடும்."

அவள் ஏணியை ஒரு ஆட்டு ஆட்டினாள். "ரெண்டுன்னா ரெண்டு. ஒரு நிமிஷம் கூட நிக்க மாட்டேன்."

நான் மறுபடி போன் போட, புகைபோக்கிக்காரர் இருபத்தொன்றாம் தேதி பத்து நிமிடம் எட்டிப் பார்த்து, ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டுப் போனார். அன்று பன்னிரண்டு அடித்ததும் டொக், டொக் என்று ஆரம்பித்தது. எலிக்குட்டி ஐந்தாவது நிமிடம் தூங்கினாள். சிசல் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இரண்டு மணிக்குப் புகை வந்தது. தினமும் சரியாக இரண்டு.

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு, எங்கள் வழக்கப்படி மரத்தைச் சுற்றி ஆட, டாக்னியைக் கூப்பிடச் சொன்னாள் சிசல். கூப்பிட்டேன்.

"உன் வீட்டுல உச்சி விளக்கு எரியும். கண்ணு கூசும்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பண்டிகைக்கு அடுத்த நாள் எலிக்குட்டி இரண்டு மணிக்கு எழுந்திருக்கவில்லை. இப்போது புகை வந்துவிடும். புகைபோக்கியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு ஐந்து. இரண்டு பத்து. ஒன்றும் வரவில்லை. வேலியை விலக்கி எட்டிப் பார்த்தேன். டாக்னி தன் படியில் கோட்டோடு நின்றிருந்தாள். ஒரு கையில் தீப்பெட்டி, கண் கைக்கடிகாரத்தில். மூக்கு சிவந்து கிடந்தது.

என் பின்னால் சிசல் வந்து நின்றாள். ஒன்பது வயதில் அந்த பஸ் கதவு மூடியதைப் பார்த்தவள்.

இரண்டு பதினெட்டுக்கு வண்டிக்குள் முனகல் கேட்டது.

"வேலிய விடுய்யா, முறியுது," என்றாள் டாக்னி. "அம்மா மாதிரியேதான் பொண்ணும். பதினெட்டு நிமிஷம் லேட்டு." உள்ளே போய்க் கதவை ஓங்கிச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் புகை வந்தது.